பின்பாட்டுக்கு ஆள் வேண்டும்: தோட்டத்துப் பாட்டு இரவுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் அட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் மாதத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை, நாங்கள் ஏழெட்டுப் பேர் தப்புப் பறையும் ஓர் ஆர்மோனியமும் எடுத்துக்கொண்டு போய்ப் பாடுகிறோம். கூலி, காணி, கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள், நிறுவையில் கழியும் கொழுந்து என்று எங்கள் பாட்டுகள் எல்லாம் இந்த மலையில் நடப்பவைதான். பாடி முடித்ததும் தேநீர் வரும். தேநீரோடு கேள்விகளும் வரும். பொகவந்தலாவையில் கேட்டதையே தலவாக்கலையிலும் கேட்கிறார்கள். ஆகவே எழுதி வைத்துவிடுகிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். சிலவற்றுக்கு எனக்குப் பொறுமை போதவில்லை.

பாட்டுக்காரர் ஒருவர் அநியாயத்தைப் பற்றிப் பாடினால், கேட்பவர் பிறருக்காக எழுந்து நிற்பாரா?

பெரும்பாலும் மாட்டார். கைதட்டுவார், கண் கலங்குவார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். இருபது வயதுவரை நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் வேறு மாதிரி நடந்த ஒரு நாளை நேரில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பாட்டொன்றில் முன்பாட்டுக்காரர் ‘எத்தனை கிலோ, எத்தனை கிலோ?’ என்று கேட்பார். கூட்டம் ‘முள்ளைப் பார்த்துச் சொல்லய்யா!’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். தராசு முள்ளைப் பற்றிய பாட்டு. கவித்துவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தோட்டத்தில் அதைப் பாடிவிட்டு வந்த மூன்றாம் நாள், மலையில் நின்ற என் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். காலை நிறுவை நேரம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. படங்கிலிருந்து நீர் வடிய வடியப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அறுபதை நெருங்கிய ஓர் அம்மாவின் கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினார்கள். முள் எட்டில் நின்றது. கணக்கப்பிள்ளை ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று என்று கழித்து ஆறு என்று எழுதினார். அந்தத் தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது ஒரு நாளின் முழுக்கூலி. காலையிலேயே இரண்டு கிலோ போனால், அந்த வயதில் மாலைக்குள் அதை ஈடுகட்ட முடியாது; அரைப்பேர்தான் விழும். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடமாக ஒன்றும் சொல்லாதவர்.

அவருக்குப் பின்னால் நின்ற இளம்பெண், பாடாமல், சும்மா பேசுவதுபோலவே, ‘எத்தனை கிலோ?’ என்றாள். நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே ‘முள்ளைப் பார்த்துச் சொல்லய்யா’ என்றார்கள். மறுபடி கேட்டாள், இந்தமுறை வரிசை முழுவதும் சொன்னது. கணக்கப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆறை அடித்து ஏழு என்று எழுதினார். ஒரு கிலோ திரும்பி வந்தது. மற்றது வரவில்லை.

கழிவு அநியாயம் என்பதை எங்கள் பாட்டு அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அது எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தான் வாயைத் திறந்தால் பின்னால் குரல் வருமா என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது. சனிக்கிழமை இரவு அந்தக் குரலை அவள் ஒருமுறை கேட்டிருந்தாள், அவ்வளவுதான்.

கதை அங்கே முடியவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவளுக்கு அட்டை மண்டிய செங்குத்து மலையில் கொழுந்து பறிக்கும் நிரை கொடுத்தார்கள். பக்கத்து நிரைகளைத் தாங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் இரண்டு பேர். எங்கள் பாட்டுக்கு இதுவரை கிடைத்த பெரிய பரிசு எது என்று கேட்டால் அந்த இரண்டு நிரைகளைத்தான் சொல்வேன்.

மலையகத்தில் இதற்கு முன்னோடிகள் உண்டா?

உண்டு, அதில் முதலில் சொல்ல வேண்டியவர் ஒரு பெண். கோ. நடேசய்யரை எல்லோருக்கும் தெரியும்: தஞ்சாவூரிலிருந்து வந்தவர், பத்திரிகையாளர், 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியாத காலத்தில் துணி வியாபாரிபோல் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குள் போய்வந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. அவர் பத்திரிகைப் பணியிலும் கூட்ட மேடைகளிலும் கணவரோடு நின்றவர். மேடையில் பாடியவர். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். தோட்டத் தொழிலாளர் நிலைமையைப் பாட்டின் மூலம் பிரசாரம் செய்வதே அதன் நோக்கம்.

மெட்டுகளைப் பாருங்கள். அந்தக் காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்த மெட்டுகளில்தான் அவர் சொற்களை ஏற்றினார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒருமுறை கேட்டால் போதும். மெட்டு ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது, சொல் மட்டும்தான் புதிது. புத்தகம் லயத்துக்குள் போகாவிட்டாலும் பாட்டு போய்விடும். மெட்டு ‘ஒரிஜினலா’ என்று எங்களிடம் கேட்கும் தம்பிமாருக்கு நான் மீனாட்சியம்மாளைத்தான் காட்டுவது.

அதே 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். அவருடைய பெயரை இன்றும் மே தினக் கூட்டங்களில் சொல்கிறார்கள். அந்தச் சூழலில் ஒரு பெண் மேடையேறிக் கூலியையும் சட்டத்தையும் பாடினார் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும்.

நம் பழைய தோட்டப் பாடல்கள் எல்லாமே போராட்டப் பாடல்கள்தானே?

இல்லை, அப்படிச் சொல்வது அவற்றுக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. பெரும்பாலானவை புலம்பல்கள். கோப்பிக் கன்று நட்ட மலையைக் காட்டி, அண்ணனைப் பறிகொடுத்த மலை அதுதான் என்று சொல்லும் பாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். அதில் கோரிக்கை ஒன்றும் இல்லை. விரல் நீட்டிக் காட்டுவது மட்டும்தான் இருக்கிறது. 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை இப்படிப்பட்ட பாடல்களைத் தேடிச் சேகரித்துப் புத்தகமாக்கியிருக்காவிட்டால் பாதி போயிருக்கும்.

புலம்பலுக்கும் ஒரு வேலை உண்டு. ஒப்பாரி வைக்கும் வீட்டில் அழுபவரைத் தனியாக அழவிடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அடுத்த அடியை எடுப்பார். பிறர் துக்கத்தில் குரல் சேர்க்கும் பழக்கம் நமக்கு அங்கேயே இருக்கிறது. எங்கள் பாட்டுகளில் நாங்கள் கூட்டிக்கொண்டது ஒரு கேள்வி மட்டும்: யார் இதற்குப் பொறுப்பு?

பாட்டுக்காரர் எதையாவது இழந்தால்தான் அவரை நம்ப வேண்டுமா?

அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்பவர் காது அதைக் கணக்குப் பார்க்கத்தான் செய்கிறது.

தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மக்கேபாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் தாயாரின் இறுதிச் சடங்குக்கு ஊர் திரும்ப முயன்றபோது அவருடைய கடவுச்சீட்டு செல்லாது என்று ஆக்கப்பட்டிருந்தது. 1963இல் ஐக்கிய நாடுகள் சபையின் குழு முன் நிறவெறிக்கு எதிராகச் சாட்சியம் சொன்னார். பிரஜாவுரிமையையும் பறித்தார்கள், அவருடைய இசைத்தட்டுகளையும் தடை செய்தார்கள். 1990இல்தான் ஊர் திரும்பினார்.

இதை நான் மேடையில் சொன்னால் கொழும்புக் கூட்டம் ‘அடடா’ என்கிறது. தோட்டத்தில் சொன்னால் கிழவர்கள் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது இந்த மலைகளில் சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்களில் யாரும் எந்தச் சபையிலும் சாட்சியம் சொல்லியிருக்கவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். ‘அந்த அம்மாவுக்குப் பாட்டுப் பாடியதற்கு எடுத்தார்கள், நமக்குச் சும்மாவே எடுத்தார்கள்’ என்றார் கொட்டகலைப் பக்கத்து முதியவர் ஒருவர். அவருக்கு நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இழக்காமல் விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. சென்னையின் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா தன்னுடைய புகழின் உச்சத்தில், 2015இல், மார்கழிக் கச்சேரிகளில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்தார். ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குடியிருப்பில் நடக்கும் இசை விழாவோடு சேர்ந்து நின்றார். 2016இல் மகசேசே விருது கிடைத்தது. அவர் சொல்வதையெல்லாம் நான் ஏற்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் யாரும் எழுந்திருக்கச் சொல்லாத நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தால், பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தன் நாற்காலி உறுத்தத்தான் செய்யும்.

‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டு நம்மைப் பற்றியது என்கிறார்களே, உண்மையா?

ஒரு பகுதி நம்மைப் பற்றியதுதான். 2021 மார்ச் மாதம் வெளிவந்த அந்தப் பாட்டை எழுதி, பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய ராப் பாடகர் அறிவு, அதன் பின்னால் தன் பாட்டி வள்ளியம்மாள் இருப்பதாகச் சொன்னார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் அவருடையது. மலையிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறப் போனவர்களைச் சுமந்த அந்தக் காலத்து ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே நம்மவர் பெயர் வைத்தார்கள். கோச்சியில் ஏறாமல் இங்கே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், ஏறிப்போனவர்களில் ஒருவருடைய பேரனின் பாட்டை அட்டன் பஸ்ஸில் தலையாட்டிக் கேட்டோம். பாதிப்பேருக்கு விஷயமே தெரியாது. எனக்கும் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த நாளன்று அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: ‘எந்தத் தோட்டமாம்?’

பாட்டுக்குப் பிறகு நடந்ததும் இந்தப் பக்கத்துக்குத் தேவையானது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் இன்னொரு ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதைக் கேட்டார், பிறகு ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கேட்டார்கள். அறிவுக்கு இணைய அட்டை ஒன்று வந்தது. பாட்டின் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற தர்க்கம் அடுத்த ஆண்டும் எழுந்து, சம்பந்தப்பட்டவர்கள் தத்தம் தரப்பைச் சொன்னார்கள். அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. நான் பார்ப்பது இதை: நிலமற்றவர்களுக்காகப் பாடியவரை அட்டையில் காணவில்லை என்றதும், கேட்டவர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். பின்பாட்டு சில சமயம் முன்பாட்டுக்காரருக்கே தேவைப்படும்.

நமக்கே ஆயிரம் பிரச்சினை. பிறருக்காக ஏன் பாட வேண்டும்?

இந்தக் கேள்வி கோபமாக வரும். கோபம் நியாயமானது. ஆனால் ‘நமக்கு’ என்றால் யார் யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். பதிவுக்காரர்களுக்குப் பேர் உண்டு, ஊழியர் சேமலாப நிதி உண்டு. அதே மலையில் கைக்காசுக்கு நிற்பவருக்கு மாலையில் கையில் கிடைப்பதோடு சரி. தொழிற்சங்கக் கூட்டத்தில் கைக்காசுக்காரர் பின்வரிசையில் நிற்பார். சந்தா கட்டாதவர் அல்லவா? ‘பிறர்’ என்றதும் தூர தேசத்தை நினைக்க வேண்டியதில்லை. அடுத்த நிரையில் நிற்பவரே போதும்.

2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது, யார் எவர் என்று பார்த்தா உதவி வந்தது? எங்கெங்கிருந்தோ, எல்லா மொழிக்காரரிடமிருந்தும் வந்தது. வந்ததை வாங்கிக்கொண்டோம். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புத்தளத்தில் ஒருவருக்கு அநியாயம் நடந்தால் ‘நமக்கென்ன’ என்று சொல்வதற்குமுன் சற்று நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்.

தப்பை எல்லோரும் அடிக்க வேண்டும் என்று ஏன் பிடிவாதம்?

இதற்காகவே எங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் விலகிப்போனார்கள். நன்றாகப் பாடக்கூடியவர்கள். வருத்தம்தான்.

தோட்டத்தில் தப்பு எதற்கெல்லாம் முழங்கியது என்று பாருங்கள். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்கு ஆள் கூப்பிட, காமன் கூத்துக்கு, திருவிழாவுக்கு, சாவுக்கு. அது இல்லாமல் ஊரில் ஒன்றும் நடக்காது. ஆனால் அடிப்பவர் யார் என்பது பிறப்பிலேயே தீர்மானமாகியிருந்தது. அவருக்குத் தேநீர் தனிக் கோப்பையில். ‘தப்படிக்கிறவன் மகன்’ என்பது பாடசாலையில் வசவு. இப்படி இருக்கும்போது மேடையேறிச் சமத்துவம் பாடிவிட்டு, இறங்கியதும் தப்பைத் தூக்க ‘அந்த வீட்டுத் தம்பியை’க் கூப்பிட்டால் அந்தப் பாட்டுக்கு என்ன பொருள்? ஆகவே விதி இது: பாடுகிறவர் தப்பும் தூக்க வேண்டும், சுமக்க வேண்டும், அடிக்கப் பழக வேண்டும். சரியாக அடிக்க வராவிட்டால் பரவாயில்லை. என் அடி இன்றும் அரைமாத்திரை பிந்தித்தான் விழுகிறது. எனக்குக் கற்றுத்தரும் ஐயா அதைச் சபையில் வைத்தே சொல்லிச் சிரிப்பார்.

ஒரு தோட்டத்தில், எங்கள் நிகழ்ச்சி முடிந்து தேநீர் கொடுத்த அக்கா எல்லோருக்கும் கண்ணாடிக் கிளாஸ் கொடுத்துவிட்டு, ஐயாவுக்கு மட்டும் பிளாஸ்டிக் கோப்பையை நீட்டினார். கெட்ட எண்ணம் இல்லை, கைப்பழக்கம். முன்வரிசையில் இருந்த பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் எழுந்துபோய்த் தன் கண்ணாடிக் கிளாஸை ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் கோப்பையைத் தான் வாங்கிக்கொண்டான். யாரும் பேசவில்லை. அடுத்த மாதம் போனபோது எல்லாமே கண்ணாடிக் கிளாஸாக இருந்தது.

தோட்டத்துக்குள் பாட அனுமதி கிடைக்காவிட்டால்?

பொது வீதியில் பாடுங்கள். 1950இல் அமெரிக்க அரசு கறுப்பினப் பாடகர் பால் ரோப்சனின் கடவுச்சீட்டைப் பறித்தது. கனடாவுக்குள் போய்ப் பாட விடவில்லை. 1952 மே மாதம் அவர் எல்லைக் கோட்டுக்கு அமெரிக்கப் பக்கத்தில் ஒரு லொறியின் மேல் ஏறி நின்று பாடினார்; கனடாக்காரர்கள் அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தோட்டத்து வாசலுக்கு வெளியே பஸ் நிற்கும் இடத்தில் நின்றால் மேல் லயம்வரை கேட்கும். மலையில் சத்தம் நன்றாக ஏறும்.

பாடியதற்காகச் சிக்கல் வருமா?

வரலாம். பொய் சொல்ல விரும்பவில்லை.

மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். காரணம், ‘நவரசம்’ என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்ற குற்றச்சாட்டு. தமிழ் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்து, அதில் அப்படி எதுவும் இல்லை, வன்முறைக்கு எதிராகவே கவிதைகள் இருக்கின்றன என்று சொன்னார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மூன்றரை வருடம். இடையில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்தாளர்கள் கையெழுத்திட்டுக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். முன்பின் அறியாத ஒருவருக்காக.

எங்கள் நடைமுறை எளிமையானது. ஆளின் பெயரைப் பாட்டில் வைப்பதில்லை, செயலை வைப்போம். எந்த இனத்தையும் மதத்தையும் இழித்துப் பாட மாட்டோம், சட்டத்துக்குப் பயந்து மட்டும் அல்ல. பாட்டின் வரிகளை முன்கூட்டியே தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத்திடமும் படித்துக் காட்டுவோம். தனியாக ஒருவரை முன்னால் நிறுத்துவதில்லை. தராசடியில் நின்ற அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று மேலே சொன்னேன். அதை மறைத்துவிட்டு ‘தைரியமாக எழுந்து நில்லுங்கள்’ என்று மேடையில் முழங்குவது கயமை.

சிங்களப் பாட்டுக்காரர்களும் இப்படிப் பாடியிருக்கிறார்களா?

நிறைய. 1980களின் பிற்பகுதியில் நந்தா மாலினி தன் ‘பவன’ பாட்டு நிகழ்ச்சியோடு ஊர் ஊராகப் போனார். அரச வானொலி அந்தப் பாட்டுகளை ஒலிபரப்பவில்லை, ஆனால் ஒலிநாடா வீடு வீடாகப் போனது. கேட்டுப் பாருங்கள். மொழி புரியாவிட்டால் பக்கத்துக் கடைக்காரரிடம் பொருள் கேளுங்கள், அதுவே ஒரு நல்ல பேச்சுக்குத் தொடக்கமாக இருக்கும்.

பாட்டு இல்லாமலே மக்கள் எழவில்லையா?

எழுந்தார்கள். 2018 அக்டோபர் 24இல் காலிமுகத்திடலில் கறுப்பு உடையோடு கூடிய மலையக இளைஞர்களை எந்தப் பாட்டுக்காரரும் கூட்டவில்லை. பெரும்பாலானோர் கொழும்புக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்கள்; மலையை விட்டு வந்தவர்கள். அம்மாவின் நாட்கூலி ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்று வந்து நின்றார்கள். ஆயிரம் அரச வர்த்தமானியில் வந்தது 2021இல். பாட்டுக்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எங்களில் சிலருக்கு உலகமே தங்கள் தொண்டையில் தொங்குகிறது என்று நினைப்பு.

பாட்டு எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

‘நாம்’, ‘நாங்கள்’ என்ற இரண்டு சொற்களிலிருந்து. அமெரிக்காவில் சார்ள்ஸ்டன் நகரச் சுருட்டுத் தொழிற்சாலையில் 1945–46இல் நடந்த வேலைநிறுத்தத்தில் கறுப்பினப் பெண்கள் ஒரு பழைய தேவாலயப் பாட்டைப் பாடினார்கள். ‘நான் வெல்வேன்’ என்றிருந்த வரி வேலைநிறுத்தப் பந்தலில் பன்மையானது. அது பாட்டுப் பள்ளிகள் வழியாக 1960களின் மாணவர் போராட்டத்துக்குப் போய், பிறகு உலகம் முழுவதும் போனது. ஆங்கிலத்தில் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் நாம் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ‘நாங்கள் வெல்வோம்’ என்றால் கேட்டுக்கொண்டிருப்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம் வெல்வோம்’ என்றால் அவரை உள்ளே இழுத்துவிட்டீர்கள்.

எங்கள் முதல் பாட்டு முழுக்க ‘நாங்கள்’. துரைக்கு எழுதிய மனு மாதிரி இருந்தது. ஒருவரும் திருப்பிப் பாடவில்லை. ‘நாம்’ என்று மாற்றியதும் இரண்டாம் சுற்றிலேயே குரல்கள் வந்தன. ஆனால் எச்சரிக்கை: எல்லா இடத்திலும் ‘நாம்’ போடக் கூடாது. அஹ்னாபின் சிறையைப் பாடும்போது ‘நாம் சிறையிலிருந்தோம்’ என்று ஒரு தம்பி எழுதிவந்தான். நீ இருக்கவில்லையே என்றேன். பிறர் பட்டதை நம் கணக்கில் எழுதிக்கொள்வது பேர்த் திருட்டு. அங்கே ‘நீ இருந்தாய், நாம் கேட்டோம்’ என்று மாற்றினான். ‘கேட்டோம்’ என்பதற்கு இரண்டு பொருளும் பொருந்தியது.

மற்றபடி, திருப்பிச் சொல்லும் வரி ஐந்து சொல்லுக்குமேல் போகக் கூடாது. கூடை முதுகில் இருக்கும்போது மூச்சு அவ்வளவுதான் வரும்.

பாடிக் காசு சேர்த்து உதவலாமா?

சேர்க்கலாம், கணக்கு எழுதத் தெரிந்தால். 1971 ஆகஸ்ட் 1இல் பண்டிட் ரவிசங்கர் கேட்டுக்கொண்டதன் பேரில் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜோர்ஜ் ஹரிசன் நியூயோர்க்கில் வங்காளதேச அகதிகளுக்காக நிகழ்ச்சி நடத்தினார். அன்றைய வசூலாக ஏறத்தாழ 2,43,000 டொலர் யுனிசெப்புக்குப் போனது. ஆனால் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெருந்தொகை வரிச் சிக்கலில் பல வருடம் மாட்டிக்கொண்டது. அவ்வளவு பெரியவர்களுக்கே அந்தக் கதி. நாங்கள் உண்டியல் வைப்பதில்லை. தோட்டத்தில் யாருக்காவது தேவை என்றால் மாதர் சங்கம் துண்டு விரித்துச் சேர்த்து, அங்கேயே எண்ணி, அங்கேயே கொடுக்கும். பஸ் செலவு எங்களுடையது.

பாட்டுக்காரர் பின்னால் மாறிப்போனால்? கட்சிக்குப் போய்விட்டால்?

போகட்டும். வரிசை உங்களுடையது, பாட்டும் உங்களுடையதாகிவிட்டது. அவருடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

பத்து மணிக்குமுன் வீட்டுக்குப் போவதாக இருந்தால் கட்டாயம். பின்பாட்டில் பயமில்லாமல் சத்தம் போடுபவர்கள் அவர்கள்தான். சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் பரீட்சை முடிந்த பிறகு அனுப்புங்கள் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பரீட்சைத் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் நாங்கள் பிள்ளைகளிடமே கேட்டுக்கொள்கிறோம்.

உங்களை எங்கள் தோட்டத்துக்கு அழைக்க என்ன செய்ய வேண்டும்?

தலைவரிடமும் மாதர் சங்கத்திடமும் பேசுங்கள். மைக் தேவையில்லை. மேடை வேண்டாம், பிரட்டுக் களமோ கோயில் முற்றமோ போதும். ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும்: காய்ந்த வைக்கோல், இல்லாவிட்டால் பழைய பத்திரிகைத் தாள், ஒரு சாக்கு நிறைய. பனியில் தப்பின் தோல் தொய்ந்துவிடும். அரைமணிக்கொருமுறை தீயில் காட்டினால்தான் சத்தம் எழும். போனமாதம் ஒரு தோட்டத்தில் எல்லாத் தாளும் மழையில் நனைந்துபோய், ஒரு பிள்ளை தன் பழைய கணக்குக் கொப்பியைக் கிழித்துக் கொடுத்தது. புதிய கொப்பி இன்னும் வாங்கிக் கொடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை எடுத்துப்போக வேண்டும்.